புளியங்கொட்டைப் பசைக்குள் ஒரு பெயர்

மாலைத் தொழுகை முடிகிற நேரம். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணீர் பாட்டில், தலையில் முந்தானை. உள்ளேயிருந்து அத்தர் வாசனை. எதிர்க் கடையிலிருந்து வடை வேகும் எண்ணெய் வாசனை.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை தூக்கத்தில் அலறினால், பால் குடிக்காமல் துவண்டால், எங்கள் ஊரில் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று, ஓதி, பிள்ளையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். பாட்டில் மூடியைத் திறந்து நீட்டினால் தண்ணீரிலும் ஊதுவார்கள். நீ யார், என்ன சாமி கும்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

என் மகன் கவினுக்கு ஐந்து வயது. தோளில் போட்டால் கால் என் முழங்காலில் இடிக்கும். மூன்று நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. டாக்டரிடம் காட்டி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பரளச்சியிலிருந்து என் மாமியார் போனில் விடவில்லை.

"ஏத்தா, மருந்து அது பாட்டுக்கு இருக்கட்டும். பய எங்கயோ பயந்துருக்கான். பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போயி ஊதிட்டு வா. ஒம் புருசனுக்கும் இப்பிடித்தான். மூணு நாளு ஊதுனாக. நாலாம் நாளு எந்திரிச்சு ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடிட்டான்."

நான் இயற்பியலில் முதுகலை. ஊதினால் காய்ச்சல் போகாது என்று தெரியும். அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று உள்ளே இன்னொருத்தி கேட்பாள். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். தூக்கிக்கொண்டு போனேன்.

வரிசையில் எனக்கு அடுத்து வந்து நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். சாந்தி மிஸ். என் மகள் யாழினி படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் பொறுப்பாளர். கைக்குழந்தையான பேரனை மார்போடு அணைத்து, முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு, கண்ணை மூடி நின்றிருந்தார்.

அன்று மதியம்தான், அவர் சொன்னார் என்பதற்காக, என் மகளின் கண்காட்சிப் பலகையில் இருந்த ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரை நான் காகிதம் ஒட்டி மறைத்திருந்தேன். என் நகக்கண்ணில் பசை இன்னும் காய்ந்து கிடந்தது.

அப்போது வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. கண்மாய் உடைந்த வருடத்தைப் பற்றி எழுதுவதாகப் போன வாரப் பத்தியில் சொல்லியிருந்தேன். கண்மாய் காத்திருக்கட்டும்.

ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி

யாழினி ஐந்தாம் வகுப்பு. கண்காட்சியில் அவளுக்குக் கூட்டாளி ரிஸ்வானா. பால்வாடியிலிருந்தே இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிகிற பிள்ளைகள்.

எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி சும்மா கிடந்தது. அதைப் படுக்கப் போட்டு இருட்டுப் பெட்டி செய்யலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ஒரு முனையில் சின்னத் துளை. நடுவில் தேங்காய் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள், திரை மாதிரி. மறுமுனையைத் திறந்து வெட்டி, கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், வெளியே வெயிலில் இருப்பது எல்லாம் திரையில் தலைகீழாகத் தெரியும். மின்சாரம் வேண்டாம், கண்ணாடி வில்லை வேண்டாம்.

உள்பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் ஒரு பை வேலிக்கருவைக் கரி வாங்கி வந்தார். அதை இடித்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசினோம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கிக் காய்ச்சுகிற பசை. எங்கள் பக்கத்து வெயிலுக்கு மைதாப் பசை காய்ந்து உரிந்துவிடும். இது உரியாது. இந்தப் பெருமையைப் பிள்ளைகளிடம் பலமுறை சொன்னேன். பின்னால் அதற்காக வருந்தினேன்.

கறுப்புத் துணிக்கு ரிஸ்வானாவின் அம்மா தன் பழைய பர்தாவைக் கிழித்துக் கொடுத்தார்.

மொட்டை மாடியில் வைத்துச் சோதித்த அன்று ஒரே கூச்சல். "ம்மா, அப்பா தலைகீழா பைக்குல வாராரு! விழ மாட்டேங்கிறாரு!" என்று யாழினி துணிக்குள்ளிருந்து கத்தினாள். ரிஸ்வானா வெளியே போய்த் தன் பெயரைச் சிலேட்டில் எழுதி வெயிலில் பிடித்தாள். பெயர் தலைகீழாகத் தெரிந்தது. "அப்பச் சிலேட்ட நீ தலைகீழாப் பிடி" என்றாள் இவள். பிடித்ததும் திரையில் பெயர் நேரானது. இரண்டும் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

அன்று யாழினி கேட்டாள். "ம்மா, இத மொதல்ல யாரு கண்டுபிடிச்சா?"

என் வாய் தானாக ஒரு வெள்ளைக்காரர் பெயரைச் சொல்லத் திறந்தது. சொல்லவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வருகிறவள் நான். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விட மாட்டேன். கைப்பேசியில் தேட ஆரம்பித்து இரண்டு நாள் சோறு குழைந்தது.

கண்ணிலிருந்து போகிறதா, கண்ணுக்குள் வருகிறதா

அவர் பெயர் இப்னுல் ஹைதம். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் பஸ்ராவில் பிறந்தவர். எகிப்தில் வாழ்ந்தவர். நைல் நதியை அடக்கித் தருகிறேன் என்று அரசனிடம் ஏற்றுக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்து, முடியாது என்று தெரிந்ததும், தண்டனைக்குப் பயந்து பைத்தியம் பிடித்தவர்போல் நடித்தார், பல வருடம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் இருட்டறையும், சின்னத் துளையும், விளக்குகளும் வைத்து அவர் செய்து பார்த்த சோதனைகள் உண்மை.

வெளியே வரிசையாக விளக்குகளை வைத்தார். துளை வழியாக உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் போகிறது, பல ஒளிகள் ஒரே துளையில் நுழைந்தாலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்று காட்டினார்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று. கண்ணிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் பார்க்கிறோம் என்று அதற்கு முன் பெரிய பெரிய கிரேக்க அறிஞர்களே நம்பினார்கள். இவர் மறுத்தார். சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது? வெளியேயிருந்து வருவதுதானே வலிக்கச் செய்யும் என்று கேட்டார். ஒளி கண்ணுக்குள் வருகிறது என்றார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கவின் கன்னத்தில் நான் தினமும் வைக்கிற மைப்பொட்டு ஞாபகம் வந்தது. கண்ணு போடுறது, கண்ணு படுறது, கொள்ளிக்கண்ணு என்று நாங்கள் பேசுவதெல்லாம் என்ன? கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்ப் பிள்ளைமேல் விழுகிறது என்பதுதானே? ஆயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் மறுத்துவிட்ட கணக்கில், முதுகலைப் பட்டத்தோடு நான் இன்னும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். துளை வழியாகத் தலைகீழ் உருவத்தை முதலில் பார்த்தவர் இவர் இல்லை. சீனத்தில் பார்த்திருக்கிறார்கள், கிரேக்கர்களும் கவனித்திருக்கிறார்கள். பார்ப்பது வேறு. மாற்றி மாற்றிச் சோதித்து, ஏன் என்று எழுதி வைப்பது வேறு. படித்ததை அப்படியே நம்பாதே, எழுதியவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் சந்தேகப்படு, உன்னையே சந்தேகப்படு என்பது அவர் வழி. சந்தேகத்தை என்னுடைய வியாதி என்று நினைத்திருந்தேன். அவர் அதைத் தொழிலாக வைத்திருந்திருக்கிறார்.

ஐந்து வருடம் கல்லூரியில் ஒளியைப் படித்தேன். ஆய்வகத்தில் ஊசிக்குப் பின் ஊசியாகக் குத்திக் கதிர் வரைந்தேன். ஒரு தடவைகூட இந்தப் பெயர் என் காதில் விழவில்லை. அவர் புத்தகத்தை லத்தீனுக்குக் கொண்டுபோய் ஐரோப்பாவே நூற்றாண்டுக்கணக்கில் படித்திருக்கிறது. அல்ஜீப்ரா என்ற சொல்லே அரபு. வானத்தில் பாதி நட்சத்திரங்களை இங்கிலீஷில் கூப்பிடுவதே அரபுப் பெயர்களால்தான். இவ்வளவையும் என்னிடமிருந்து எதற்காக மறைத்தார்கள்? யார் மறைத்தார்கள்? ஒருவரும் மெனக்கெட்டு மறைக்கவில்லை. சொல்லாமல் விட்டார்கள். அது போதும்.

கிரகணத்தன்று அடைபட்டவள்

கவின் வயிற்றில் இருந்தபோது ஒரு பெரிய சூரிய கிரகணம் வந்தது. காலை நேரம். பிள்ளைத்தாச்சி வெளியே வரக்கூடாது என்று பரளச்சி வீட்டில் என்னை ஓர் அறைக்குள் வைத்து, ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்தினார்கள். என்ன படித்தவளானாலும், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற பயத்தில் நானும் பேசாமல் உட்கார்ந்தேன்.

கதவில் ஓர் ஆணித் துளை. அதன் வழியாக எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சம் விழுந்தது. முதலில் வட்டமாக இருந்தது. பிறகு கடித்த அப்பளம் மாதிரி ஆனது. பிறகு பிறை. இருட்டில், வயிற்றில் கை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கக்கூடாது என்று சொன்ன கிரகணத்தை முழுதாகப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கிரகணச் சூரியன் துளை வழியே ஏன் பிறையாக விழுகிறது என்று ஆராய்ந்து இப்னுல் ஹைதம் தனியாக எழுதியிருக்கிறார் என்று இப்போது படித்ததும் அழுகை வந்துவிட்டது. அடைபட்ட ஒருவர் அடைபட்ட இன்னொருத்திக்கு எழுதியதுபோல இருந்தது. எனக்குக் கிடைக்கத்தான் இத்தனை காலம்.

யாழினி பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள். "ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவியவர்: இப்னுல் ஹைதம்." ரிஸ்வானா பச்சைப் பேனாவால் ஓரம் கட்டினாள்.

பத்து நிமிடம்

கண்காட்சிக்கு முந்தின நாள் பலகைகளை வைத்தோம். யாரோ ஓர் அப்பா எங்கள் பலகையைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி. "சயின்ஸ் எக்ஸிபிஷனா, வேற ஏதாச்சுமா?" ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் சாந்தி மிஸ் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. யாழினிக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர்.

"யாழினி அம்மா, ப்ராஜெக்ட் பிரமாதம். அந்தப் பேரு மட்டும் வேணாமே. 'பழங்கால அறிஞர்கள்'னு பொதுவாப் போட்டுருங்க."

"மிஸ், அவருதான்..."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு வெளியாளுக வாராங்க. எதுக்கு வம்பு? சயின்ஸ்னா சயின்ஸோட இருக்கட்டுமே."

பக்கத்துப் பலகையில் ஒரு வெள்ளைக்காரர் படம் மாலை போடாத குறையாக ஒட்டியிருந்தது. அவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளை மார்க், பிள்ளை பெயர், நாளைக்கு இவர்களிடம்தானே படிக்க வேண்டும் என்று நூறு யோசனை. என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டம்.

"ஒட்டிட்டு வாம்மா. அந்த மனுசன் செத்து ஆயிரம் வருசம் ஆச்சுங்கிற. அவரா வந்து கேக்கப் போறாரு?"

மிச்சம் இருந்த புளியங்கொட்டைப் பசையை எடுத்தேன். வெள்ளைத் தாளை அளந்து வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி ஒட்டினேன். எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள். "பழங்கால அறிஞர்கள்" என்று அழகாக எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தண்ணீர் குடிக்கப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாழினி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரிஸ்வானாதான் கேட்டாள்.

"ஆன்ட்டி, பேரு எங்க?"

"எடம் பத்தலம்மா."

"சின்னதா எழுதிருக்கலாம்ல ஆன்ட்டி?"

பசைக் கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஊத ஒரு வாய்

ஆகவேதான் அன்று மாலை பள்ளிவாசல் கேட்டில் சாந்தி மிஸ்ஸைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"யாழினி அம்மா! பிள்ளைக்கு என்ன?"

"காய்ச்சல் மிஸ். ஒங்க பேரனுக்கு?"

"ரெண்டு நாளா பால் குடிக்கல. கண்ணு பட்டுருச்சுன்னு எங்கம்மா சொல்றாங்க. இங்க ஊதுனா கேட்டுரும். அவுக ஓதுறதுல அப்பிடி ஒரு சக்தி."

"ஆமா மிஸ்."

வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் குனிந்து அவர் பேரனின் முகத்தில் ஊதினார். பிறகு கவின் நெற்றியில். "பயப்படாதம்மா, சரியாயிரும்" என்று என்னிடம் சொன்னார். சாந்தி மிஸ் கைகூப்பினார். நானும் கூப்பினேன். பசை ஒட்டிய அதே விரல்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது உடம்பு எரிந்தது. பிள்ளைக்கு ஊத அவர்கள் வாய் வேண்டும். தாயத்து வேண்டும், நோன்புக் கஞ்சி வேண்டும், பெருநாள் பிரியாணி வேண்டும். அவர்களுக்கு மந்திரம் தெரியும் என்றால் வரிசையில் நின்று நம்புவோம். அறிவு இருந்தது என்று ஒரு வரி எழுதினால் மட்டும் வம்பு! கண்ணு பட்டது என்று வந்து நிற்கிறோம். கண் எப்படிப் பார்க்கிறது என்று சொன்னவரை மறைத்துவிட்டு வந்து நிற்கிறோம். இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது? சாந்தி மிஸ்ஸை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியவில்லை. அவர் வாயால் சொன்னார். கையால் செய்தது நான்.

வெயிலில்

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனேன். கவினுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. மருந்தா, ஊதலா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

ஒட்டிய தாளை உரித்தேன். வரவில்லை. தண்ணீர் தொட்டுத் தடவினேன். நகத்தால் சுரண்டினேன். ஓரம் கொஞ்சம் எழும்பியது. எழும்பிய இடத்தில் அடியில் இருந்த பச்சைக் கோடும் சேர்ந்தே கிழிந்து வந்தது. இழுத்தால் பெயரும் போய்விடும். புளியங்கொட்டைப் பசை. உரியவே உரியாது என்று பிள்ளைகளிடம் பெருமை பேசியது நான்தானே.

மேலேயே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது சாந்தி மிஸ் வந்துவிட்டார்.

"போர்டுல இனி யாரும் எதுவும் எழுத வேணாம்னு பிரின்சிபல் சொல்லிட்டாங்க. ப்ளீஸ்மா."

"சரி மிஸ். போர்டுல எழுதல" என்றேன்.

பேனாவை வைக்கவில்லை. ஒரு முழு சார்ட் தாளை விரித்து, இரண்டு வரியாக, என் சாண் அளவுக்கு எழுதினேன். இப்னுல். ஹைதம். அவசரத்தில் கடைசி எழுத்து கோணியது. யாழினி வந்து பக்கத்தில் நின்றாள். முந்தின நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

"என்னம்மா செய்யப் போற?"

"சிலேட்டு ஞாபகம் இருக்கா?"

அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மைதானத்தைப் பார்த்துப் பெட்டியின் துளை இருந்தது. ஐந்தாறு அடி தள்ளி வெயிலில் போய் நின்றேன். சார்ட்டை மார்புக்கு நேரே, எழுத்துகள் தலைகீழாக இருக்கும்படி பிடித்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஒரு பைத்தியம். இரண்டு அம்மாக்கள் சிரித்தார்கள். "என்னங்க, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "உள்ள போயிப் பாருங்க" என்றேன்.

பாதத்துக்கடியில் மண் சுட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. வாட்ஸப்பில் என்ன எழுதுவார்களோ, யாழினியை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்களோ, வேண்டாம் போதும், இறக்கிவிடலாம் என்று நிமிடத்துக்கு ஒருமுறை தோன்றியது. இறக்கவில்லை. ஒருவர்பின் ஒருவராகப் பர்தாத் துணிக்குள் தலையை விட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ரிஸ்வானாவின் குரல் கணீரென்று கேட்டது. "கண்ணு பழகக் கொஞ்ச நேரம் ஆகும் சார். இப்பத் தெரியுதா? வாசிங்க சார். சத்தமா வாசிங்க!"

வாசித்தார்கள். திக்கித் திக்கி, தப்பும் தவறுமாக, அந்தப் பெயரைத் துணிக்குள்ளிருந்து சத்தமாக வாசித்தார்கள்.

மதியம்போல் சாந்தி மிஸ் வந்தார். கொஞ்சம் தயங்கி, அவரும் துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது முடி கலைந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார். இறக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, நான் முந்திக்கொண்டேன்.

"பேரன் பால் குடிச்சானா மிஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"குடிச்சான்" என்றார். அவ்வளவுதான். நிழலுக்குப் போய்விட்டார். இறக்கச் சொல்லவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை. பலகையில் "பழங்கால அறிஞர்கள்" அப்படியேதான் இருந்தது. பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது.

"நான் உள்ள எப்பிடித் தெரிஞ்சேன்?" என்று கேட்டேன்.

"நீ தலைகீழா நின்னம்மா" என்றாள். "பேரு நேரா இருந்துச்சு."